பித்தளையும் கரியும்: ஸ்டீம்பங்க் ரசிகர் காண வேண்டிய நீராவிக் கூடங்கள்

எஞ்சின் ஓடும் நாளில் கிராஸ்னெஸ் நீரேற்று நிலையத்துக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது சூடான எண்ணெயின் வாடை. அதன் பிறகுதான் கண் நிமிர்கிறது. எட்டுப்பட்டை வடிவில் எழும்பி நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள். இலையும் கொடியுமாக அவற்றின் மேல் படர்ந்திருக்கும் வண்ணம் பூசிய இரும்பு வேலைப்பாடு. அதற்கும் மேலே 47 டன் எடையுள்ள இரும்பு உத்திரம் ஒன்று நிதானமாக எழுகிறது, நிதானமாகத் தாழ்கிறது. பக்கத்தில் 52 டன் சுழற்சக்கரம் சுற்றுகிறது. இவ்வளவு இரும்பு அசையும் இடத்தில் காது அடைத்துப்போகும் என்று எண்ணி வருபவருக்குக் கேட்பது ஒரு நீண்ட பெருமூச்சு மட்டுமே.

தென்கிழக்கு லண்டனில், தேம்ஸ் ஆற்றோரச் சதுப்பு நிலத்தில் 1865 ஏப்ரல் 4 அன்று வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த கட்டடம் இது. ஜேம்ஸ் வாட் நிறுவனம் செய்துகொடுத்த நான்கு எஞ்சின்களுக்கும் அரச குடும்பத்துப் பெயர்கள்: விக்டோரியா, பிரின்ஸ் கன்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்சாண்ட்ரா. கோயில் மண்டபத்தைப் போல அலங்கரித்த இந்தக் கூடத்தின் வேலை லண்டன் மாநகரத்தின் மலத்தையும் கழிவுநீரையும் மேலே ஏற்றி, ஆற்றில் வற்றம் வரும்வரை தொட்டியில் தேக்கி, பிறகு திறந்துவிடுவது.

ஸ்டீம்பங்க் ரசிகர்கள் வர வேண்டிய முதல் இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இந்த அழகையும் இந்த வேலையையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேறு இடங்களில் வாய்ப்பு குறைவு.

ஸ்டீம்பங்க் என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. அமெரிக்க எழுத்தாளர் கே.டபிள்யூ. ஜீட்டர் 1987இல் லோகஸ் இதழுக்கு எழுதிய கடிதத்தில் அது பிறந்தது. அவரும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் விக்டோரியா காலத்து லண்டனை வைத்து எழுதிவந்த விசித்திரக் கதைகளுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அப்போது புகழ்பெற்றிருந்த சைபர்பங்க் என்ற பெயரைத் திருப்பி இதை உண்டாக்கினார். மின்சாரமும் பெட்ரோலும் மேலோங்காமல் நீராவியும் பற்சக்கரமுமே வளர்ந்துகொண்டு போயிருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்பதே இந்தக் கற்பனையின் அடிப்படை. கதையில் தொடங்கியது உடைக்கும் நகைக்கும் அறைக்கலனுக்கும் பரவியது. பித்தளைச் சட்டமிட்ட கண்ணாடி, தோல் வார், உயரத் தொப்பி, கைக்கடிகாரத்திலிருந்து பிரித்தெடுத்த பற்சக்கரங்கள். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஆண்டுதோறும் கூடும் ஸ்டீம்பங்க் விழாவில் இந்தக் கோலத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பார்க்கலாம்.

இந்த ஆர்வத்தின் வேர் எங்கே இருக்கிறது? இன்று நம் கையில் இருக்கும் பொருள்களைத் திறந்து பார்த்தாலும் எது எதை இயக்குகிறது என்று தெரிவதில்லை. கைப்பேசியைப் பிரித்தால் கறுப்புச் சில்லுகள்தான் இருக்கின்றன. நீராவி எஞ்சின் அப்படியல்ல. பிஸ்டன் தள்ளுகிறது, தண்டு நகர்கிறது, சக்கரம் சுற்றுகிறது. காரணமும் காரியமும் கண்ணெதிரே கைகோத்து நடக்கின்றன. கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரத்தின் மேல் மனிதருக்கு உள்ள ஏக்கத்திலிருந்துதான் ஸ்டீம்பங்க் முளைத்தது என்பது என் எண்ணம். பழைய தொழிற்கூடங்கள் அந்த ஏக்கத்தைத் தீர்த்து வைக்கின்றன. கூடவே, நாம் கேட்காத சில கேள்விகளையும் கேட்கின்றன.

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்குக் கிராஸ்னெஸ் எஞ்சினை விளக்க ஒரு வரி போதும். கிணற்றடியில் நட்ட தூணின் மேல் ஆடும் துலா. அதன் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சால். துலாவின் மேலேயே முன்னும் பின்னும் நடந்து அதைத் தாழ்த்தி உயர்த்தும் ஆள். அந்த ஆள் இருக்கும் இடத்தில் ஆவியால் அசையும் பிஸ்டனைக் கட்டினால் அதுதான் பீம் எஞ்சின். தாமஸ் நியூகோமன் 1712இல் இங்கிலாந்தின் டட்லி அருகே நிலக்கரிச் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க நிறுவியது இந்த அமைப்பைத்தான். அதே அளவில் செய்த ஓடும் மாதிரி ஒன்று டட்லியிலுள்ள பிளாக் கண்ட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீராவி யுகம் ரயிலோடு தொடங்கவில்லை, தண்ணீர் இறைப்பதில் தொடங்கியது. ஸ்டீம்பங்க் கதைகளில் ஆகாயக் கப்பலுக்குக் கிடைத்த இடம் இந்த நீரேற்று எஞ்சினுக்குக் கிடைக்காதது எனக்குக் குறையாகவே படுகிறது.

மேற்கு லண்டனில் கியூ பாலத்தருகே உள்ள தண்ணீர் - நீராவி அருங்காட்சியகம் அந்தக் குறையைப் போக்கும். மேற்கு லண்டன் வீடுகளுக்குக் குடிநீர் ஏற்றிய கூடம் அது. 1820, 1838, 1846, 1859, 1869 என்று வெவ்வேறு ஆண்டுகளில் செய்த எஞ்சின்கள் அவை வேலை செய்த இடத்திலேயே நிற்கின்றன. 1846இல் வந்த எஞ்சினின் உருளை 90 அங்குல விட்டம் கொண்டது. அதாவது ஏழரை அடி. நெடிய ஆள் ஒருவர் கையை விரித்து உள்ளே நிற்கலாம். ஆவி இங்கே நேரடியாகத் தண்ணீரைத் தள்ளுவதில்லை. மறுமுனையில் தொங்கும் பெரும் பாரத்தைத் தூக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பாரம் தன் எடையால் இறங்கும்போதுதான் தண்ணீர் குழாயில் ஏறுகிறது. ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவே எஞ்சின் சற்று நின்று மூச்சு வாங்குவது போலிருக்கும். அந்த நிறுத்தத்தைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். 1944 வரை நீராவியால் ஊருக்குத் தண்ணீர் தந்த கூடம் 1975இல் அருங்காட்சியகமாயிற்று.

மீண்டும் கிராஸ்னெஸ். 1858 கோடையில் தேம்ஸ் ஆறு நாறிப்போனது. நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. அதற்கு முன் 1853-54இல் வந்த காலரா லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. ஏழை எளியவர்கள் செத்தபோது அசையாத அரசு தன் மூக்கில் நாற்றம் ஏறியதும் சில வாரங்களில் சட்டம் இயற்றியது. ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் 82 மைல் நீளத்துக்குப் பெரும் செங்கல் சாக்கடைகளைக் கட்டினார். நோய் நாற்றத்தால் பரவுகிறது என்றே அன்று பெரும்பாலானோர் நம்பினார்கள். நாற்றத்தை அகற்றப் போட்ட திட்டம் குடிநீரிலிருந்து கழிவையும் அகற்றியது, காலராவும் ஒழிந்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது வெற்றிக் கதை. ஆனால் கிராஸ்னெஸ் செய்தது கழிவைச் சுத்திகரிப்பதல்ல, நகரத்துக்குக் கீழே கொண்டுபோய்க் கொட்டுவது. 1878 செப்டம்பர் 3 அன்று மாலை, உல்லாசப் பயணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பிரின்சஸ் ஆலிஸ் என்ற நீராவிப் படகு பைவெல் காசில் என்ற கரிக்கப்பலில் மோதி உடைந்தது. கிராஸ்னெஸிலும் எதிர்க்கரையிலும் கழிவைத் திறந்துவிட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆகியிருந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் அந்த நீரில் மாண்டார்கள். பெரும்பாலும் குழந்தைகளோடு வந்த சாதாரணக் குடும்பங்கள். கழிவைப் படியவைத்துக் கசடைப் பிரித்துக் கப்பலில் கடலுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு 1887இல்தான் வந்தது. அந்த வண்ண இரும்புத் தூண்களின் நடுவே நின்று உத்திரம் எழுவதைப் பார்க்கும்போது, அது ஒவ்வொரு வீச்சிலும் எதை ஏற்றியது, அது எங்கே போயிற்று என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

எஞ்சின்கள் 1950களில் கைவிடப்பட்டன. அடித்தளத்தில் மணலைக் கொட்டி மூடினார்கள். துரு ஏறியது, பித்தளையைத் திருடினார்கள். 1980களில் தன்னார்வலர்கள் ஓர் அறக்கட்டளையாகக் கூடி மணலை வாரித் துருவைச் சுரண்டத் தொடங்கினார்கள். பிரின்ஸ் கன்சார்ட் மறுபடி ஆவியில் ஓடியது 2003இல். மரபுச் சின்னம் என்ற பட்டம் கட்டடத்துக்கு 1970லேயே கிடைத்துவிட்டது. பட்டம் துருவைத் தடுக்கவில்லை. தடுத்தது ஆண்டுக்கணக்கில் சனி ஞாயிறுகளில் வந்து சுரண்டிய கைகள்.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. சார்ல்ஸ் பாபேஜின் கணக்கு இயந்திரங்கள் ஸ்டீம்பங்க்கின் குலதெய்வம் போன்றவை. வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990இல் எழுதிய ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ நாவலில் பாபேஜ் வெற்றி பெறுகிறார்; நீராவிக் கணினிகள் பிரிட்டனை ஆள்கின்றன. உண்மையில் அவர் தம் முதல் இயந்திரத்துக்கு அரசிடமிருந்து 17,000 பவுனுக்கு மேல் பெற்றும் முடிக்கவில்லை. 1847க்கும் 1849க்கும் இடையே இரண்டாவது வடிவத்தை வரைந்தார். அது வரைபடத்தோடு நின்றது. அதை டோரன் ஸ்வேட் தலைமையில் அருங்காட்சியகத்தார் 1985இல் கையில் எடுத்தார்கள். பாபேஜ் காலத்தில் எட்டக்கூடியதாக இருந்த துல்லியத்துக்கு மேல் போவதில்லை என்று வரையறுத்துக்கொண்டு உறுப்பு உறுப்பாகச் செய்தார்கள். நாவல் வந்த அடுத்த ஆண்டே, பாபேஜின் 200ஆவது பிறந்த நாளுக்கு முன்பாக, இயந்திரம் சரியாகக் கணக்கிட்டது. அச்சிடும் பகுதி 2002இல் சேர்ந்தது. மொத்தம் 8,000 உறுப்புகள், 5 டன்.

அதன் பின்பக்கத்தைப் பார்க்கத் தவறக்கூடாது. கூட்டலில் பத்து வந்தால் அடுத்த இலக்கத்துக்கு ஒன்று ஏற வேண்டும் அல்லவா? அந்த ஏற்றத்தைச் செய்யும் கைகள் செங்குத்துத் தண்டுகளில் படிக்கட்டு போலச் சுருண்டு அமைந்திருக்கின்றன. இயந்திரம் ஓடும்போது நெல் வயலில் காற்று போவதைப் போல ஓர் அலை கீழிருந்து மேலே ஓடுகிறது. அழகுக்காக வைத்த உறுப்பு ஒன்றுகூட அதில் இல்லை. அத்தனை அழகும் கணக்கிலிருந்து வந்தது. அலங்காரத்துக்காகச் சும்மா ஒட்டிய பற்சக்கரத்தை இதைப் பார்த்தவர்கள் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

இன்னொன்று: அந்த இயந்திரத்தை ஓட்டுவது நீராவியல்ல. ஓர் ஆள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிறார். கணக்கெல்லாம் நீராவியால் நடக்கக்கூடாதா என்று பாபேஜ் ஒருமுறை ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். அவர் ஆசைப்பட்டது ஆவிக்கு, கிடைத்தது ஒரு மனிதக் கை.

ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் 2009 அக்டோபர் முதல் 2010 பிப்ரவரி வரை ஸ்டீம்பங்க் கண்காட்சி நடத்தியது. ஆர்ட் டோனவன் தேர்ந்தெடுத்த 18 கலைஞர்களின் படைப்புகள், பழைய வானியல் கருவிகள் இருக்கும் அதே கட்டடத்தில் வைக்கப்பட்டன. பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்றை அறிவியல் அருங்காட்சியகம் தன் வாசலுக்குள் அழைத்த நல்ல செயல் அது. பிரான்சின் நாந்த் நகரில், மூடிப்போன கப்பல் கட்டும் தளத்தில், 2007 முதல் 12 மீட்டர் உயர இயந்திர யானை ஒன்று மக்களைச் சுமந்துகொண்டு நடக்கிறது. நாந்த் ஜூல்ஸ் வெர்ன் பிறந்த ஊர். அவர் 1880இல் எழுதிய நாவல் ஒன்றில் நீராவி யானை வீடுகளை இழுத்துக்கொண்டு இந்தியாவின் குறுக்கே போகும். உள்ளே சொகுசாக உட்கார்ந்திருப்பவர்கள் வெள்ளைக்காரர்கள். 1857 கிளர்ச்சியின் நானா சாகிப் அங்கே வேட்டையாடப்படுகிறார். நாந்த் யானையின் உள்ளே நீராவி எஞ்சின் இல்லை. வேலையிழந்த துறைமுகத்துக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நீராவிக் கனவு காணும் நாம் அந்த வண்டிக்குள் இருந்தோமா, வெளியே இருந்தோமா என்ற கேள்வியை இந்திய வாசகர் தவிர்க்க முடியாது.

அந்தக் கேள்விக்கு விடை தேட லங்காஷயருக்குப் போக வேண்டும். பர்ன்லி நகரை ஒட்டிய ஹார்ல் சைக்கில் 1890களில் எழுந்த குவீன் ஸ்ட்ரீட் ஆலை, உலகில் எஞ்சியிருக்கும் கடைசி நீராவி நெசவாலை. எஞ்சின் 500 குதிரைத்திறன் கொண்டது. முதலில் அதற்கு ‘விவேகம்’ என்ற பொருளில் புரூடன்ஸ் என்று பெயர். முதல் உலகப் போருக்குப் பின் ‘அமைதி’ என்ற பொருளில் பீஸ் என்று மாற்றினார்கள். எஞ்சின் அறை பளபளவென்று இருக்கும். அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாகாது. அடுத்த கதவைத் திறந்தால் தறிக்கூடம். முந்நூறுக்கும் மேற்பட்ட தறிகள், தலைக்கு மேலே ஓடும் சுழல்தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் இறங்கும் தோல் வார். பீஸ் ஒரு சுற்று சுற்றினால் அத்தனையும் அசையும்.

சில தறிகளை மட்டும் ஓட்டிக் காட்டும்போதே பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். அதைப் பத்து மடங்காக்கி, நாள் முழுக்க நிற்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். நெசவுப் பெண்கள் வாயசைவைப் பெரிதாக்கிக் கையையும் முகத்தையும் சேர்த்துப் பேசும் ஒரு பாஷையையே உண்டாக்கிக்கொண்டார்கள். அதற்கு மீ-மா என்று பெயர். வேலை விட்ட பிறகும் அவர்கள் முகத்திலிருந்து அது போகவில்லை. பலருக்குக் காதே போயிற்று.

அங்கே காட்டும், தறியின் குறுக்கே நூலோடு ஓடும் பழைய நாடா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். வழவழப்பான மரம், இரு முனையிலும் உலோகக் கூர், நடுவே நூல் சுற்றிய தார் வைக்கும் குழி, பக்கவாட்டில் நூல் வெளிவரும் சிறு துளை. தாரில் நூல் தீர்ந்ததும் புதுத் தார் போட்டு நூல்முனையை அந்தத் துளை வழியே இழுக்க வேண்டும். விரலுக்கு எட்டாது. துளையில் வாயை வைத்து உறிஞ்சுவார்கள். நூலோடு பஞ்சுத் தூசும் வாய்க்குள் போகும். ஒரே நாடாவைப் பலர் வாயில் வைத்ததால் ஒருவர் நோய் மற்றவருக்குப் போயிற்று. நாடாவை முத்தமிடுதல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சிறு துளைதான் இங்கிலாந்தில் நான் அறிந்த எல்லா எஞ்சின்களையும்விட எனக்கு அதிகம் சொல்லியது.

அங்கே நெய்த மலிவுத் துணி எங்கெங்கே வந்து இறங்கியது, யாருடைய கைத்தறியை நிறுத்தியது என்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அதற்கு முந்திய தலைமுறையின் பஞ்சு பெரும்பாலும் அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. மான்செஸ்டருக்குத் தெற்கே ஸ்டைலில் உள்ள குவாரி பேங்க் ஆலையை 1784இல் தொடங்கிய சாமுவேல் கிரெக்கின் குடும்பத்துக்கு டொமினிக்காத் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டம் இருந்தது. ஆலையில் வேலை செய்த ஆதரவற்ற சிறுவர் சிறுமியர் தங்கிய வீடு இன்றும் அங்கே நிற்கிறது. குவாரி பேங்க்கைப் பராமரிப்பவர்கள் இதை மறைக்காமல் சொல்வது பாராட்டத்தக்கது.

குவீன் ஸ்ட்ரீட் ஆலை 1982இல் உற்பத்தியை நிறுத்தியது, அருங்காட்சியகமாக மாறியது. நிதியில்லை என்று 2016இல் அதையும் மூடினார்கள். பிறகு குறைந்த நாள்களுக்கு மட்டும் திறந்தார்கள். கொதிகலன் மூட்ட எரிபொருள் வேண்டும், பரிசோதனை வேண்டும், ஆவியின் குணம் தெரிந்த ஆள் வேண்டும். இரும்பு நூறு ஆண்டு நிற்கும். அதை ஓட்டத் தெரிந்தவர் போய்விட்டால் ஒரே தலைமுறையில் அது சிலையாகிவிடும். ஆகவே ரசிகர்களுக்கு நான் சொல்வது: எந்தக் கூடத்துக்குப் போனாலும் எஞ்சின் ஓடும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். கோலம் போட்டுக்கொண்டு போவதானாலும் போங்கள். ஆனால் நின்றுபோன எஞ்சினைப் பார்த்துவிட்டு ‘பார்த்தாயிற்று’ என்று சொல்லாதீர்கள். எண்ணெய் விடுபவரிடமும் கரி போடுபவரிடமும் பேச்சுக் கொடுங்கள். பலகையில் எழுதாதது அவர்களிடம் இருக்கும்.

கடல் கடந்து போக இயலாதவர்களுக்கு மேட்டுப்பாளையம் இருக்கிறது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் போன நீலகிரி மலை ரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னத் தகுதி கிடைத்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே ஓடும் பற்சட்டத்தைக் கவ்வியபடி எக்ஸ் வகை எஞ்சின் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு உருளைகள், ஒன்றின் மேல் ஒன்று. கீழ் உருளையில் வேலை முடித்த ஆவி வீணாகாமல் மேல் உருளைக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த வடிவம் இது. அதே வகையில் புதிய நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் செய்து மலைக்கு அனுப்பியிருக்கிறது. லண்டன் அருங்காட்சியகம் பாபேஜுக்குச் செய்ததைப் பொன்மலைத் தொழிலாளர்கள் தினசரி ஓட வேண்டிய வண்டிக்குச் செய்தார்கள். அதற்கு இன்னும் உரிய பாராட்டு கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் போய் அந்த இரட்டை உருளைகளைப் பாருங்கள். திரும்பி ஏறும்போது ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியோடு நிற்பவரையும் பாருங்கள். அந்த மலையில் அவரவர் பெட்டிக்கு அவரவர்தான் பிரேக் பிடிக்கிறார்கள்.